தடுப்பூசிக்கு நாள் குறிப்பது யார்?

கொரோனா தடுப்பூசியை 2020 ஆகஸ்ட் 15-க்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஜூலை 2 அன்று 12 மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதியது. மனிதர்கள் மீதான சோதனையே அப்போது தொடங்கியிருக்கவில்லை. காகிதத் தாமதத்தைத் தவிர்க்கவே அவ்வாறு எழுதினோம் என்று இரண்டே நாளில் விளக்கமும் வந்தது.

கோவேக்சின் மீது நமக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. செயலிழக்கச் செய்த கிருமியிலிருந்து தடுப்பூசி தயாரிப்பது, போலியோவுக்கு சால்க் கையாண்ட, நன்கு பழகிய வழி. ஆனால் மிக விரைவாக உருவானதாகச் சொல்லப்படும் பொன்னுக்குவீங்கித் தடுப்பூசிக்கே நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஆறு வாரக் கெடு, செங்கோட்டைக் கொடியேற்றத்தை ஒட்டிப் போட்ட கணக்கென்றே நமக்குப் படுகிறது.

அவசரத்தில் முதலில் அடிபடுவது ஒப்புதல். 2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், ஆய்வுத் திட்டமொன்றின் பேரில் பழங்குடிச் சிறுமியர் பலருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பெற்றோர் இட வேண்டிய கையொப்பத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்களே இட்டனர். சிறுமியர் சிலர் இறந்தனர். தடுப்பூசிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஒப்புதல் பெற்ற முறையையோ 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது.

அந்தப் பன்னிரண்டு மருத்துவமனைகளுள் ஒன்று நம் காட்டாங்கொளத்தூரில் இருக்கிறது. சோதனைக்கு வருவோருக்கு ஒப்புதல் படிவம் தமிழில் விளக்கப்படுகிறதா, பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் பொறுப்பு யார் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதைச் செங்கல்பட்டு, சென்னைத் தோழர்கள் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.