குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சியில் வேலை பார்த்தவருக்கு வீடும் ஆஸ்பத்திரியும் வேலையோடு ஒட்டியே வந்தவை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகிறது. குடும்பம் வடலூருக்கோ கடலூருக்கோ பெயர்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ.

பக்கவாதத்தில் படுத்த தகப்பனாரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் சம்பளம், சாப்பாடு, ஏஜென்சி கமிஷன் எல்லாமே கைக்காசு. 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத், ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு. வீட்டுக் கட்டிலுக்கு அல்ல. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'த்தின் ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள், நல்லதுதான். இரவில் புரட்டிப் படுக்கவைக்க யார்?

வீட்டை வங்கியிடம் வைத்து மாதாமாதம் பணம் பெறும் தலைகீழ் அடமானம் 2007 முதல் இருக்கிறது. அதற்குச் சொந்த வீடு வேண்டும். முப்பது வருஷம் கம்பெனி வீட்டில் இருந்தவரிடம் இதைச் சொல்வது வயிற்றெரிச்சல்.

ஜெர்மனி 1995-இலும் ஜப்பான் 2000-இலும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தின. ஜப்பானில் 40 வயதிலிருந்தே சந்தா கட்டுகிறார்கள். ஜெர்மனியில் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் அந்தக் காப்பீட்டுப் பணம் போய்ச் சேர வழியுண்டு.

என்எல்சியின் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் இப்படியொரு பராமரிப்பு நிதியைக் கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். அவர்களுக்குக் குவார்ட்டர்ஸின் நினைவுகூட மிஞ்சுவதில்லை.