பின்னலூசியும் பேரிலக்கியமும்

கம்பளி நூலும் பின்னலூசியுமாய்ப் பொழுதைக் கழிக்கும் தாய்மாரிடம் உலகப் பேரிலக்கியங்களைப் பற்றி வினவினால், “படிக்கக் கை ஒழிவதேது?” என்பர். நியாயமே, கண்ணிகளை எண்ணுகிறவர் ஏட்டைப் புரட்டுவதெங்ஙனம்? ஆயினும், அவர்கள் தவறவிட்ட ஏடுகளிலேயே அவர்தம் கைவேலை இடம்பெற்றிருக்கிறது. 1859இல் டிக்கன்ஸ் எழுதிய ‘இரு நகரங்களின் கதை’யில் மதாம் டெபார்ஜ், தான் பழிதீர்க்க எண்ணியோரின் பெயர்களைப் பின்னலிலேயே குறித்து வைக்கிறாள். அஞ்சத்தக்க பின்னல்! நமக்கு உவப்பானவரோ, டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் முடிவுரையில் வரும் செவிலித்தாய் அன்னா மக்காரோவ்னா. ஒரே ஊசிகளில் இரண்டு காலுறைகளை ஒன்றனுள் ஒன்றாகப் பின்னி, குழந்தைகள் சூழ்ந்து நிற்க, ஒன்றிலிருந்து மற்றொன்றை உருவி எடுப்பார். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்நூலை மாலைதோறும் வீட்டுப் பிள்ளை இரண்டிரண்டு பக்கமாய் உரக்க வாசிக்கலாம். கண்ணி எண்ண வேண்டிய வரிசை வரும்போது மட்டும் சற்றே நிறுத்தினால் போதும்.