வராத விண்டோஸுக்கு இப்போதே பந்தலா?

பி.காம். படிக்கிற பையன் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறான் என்று தெரிந்தால் போதும், உபதேசம் இலவசமாகக் கிடைக்கும். "32 ஜிபி ரேம் போடு, என்.பி.யு. இருக்கிற ப்ராசஸரா பாரு, அடுத்த விண்டோஸ் வந்தா தாங்கணும்ல?" கடைக்காரர் சொல்வதிலாவது நியாயம் இருக்கிறது, அது அவர் பிழைப்பு. கூடப் படிக்கிறவனும் இதையே சொல்வதுதான் வயிற்றெரிச்சல்.

ஆழ்வார்திருநகரி மாதிரி ஊரில் இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. வீட்டில் கொடுப்பது வாழைத்தார் விற்ற காசு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வயலையும் வீட்டுச் சாமானையும் சேர்த்துப் பறிகொடுத்தவர்கள் ஸ்ரீவைகுண்டம் சுற்று வட்டாரத்தில் நிறையப் பேர். அந்தக் காசை, இன்னும் கையில் கிடைக்காத ஒரு சாஃப்ட்வேருக்காக இறைக்கச் சொல்கிறார்கள்.

இந்தக் கூத்து புதிது இல்லை. 2006இல் எக்ஸ்பி போட்டு விற்ற கம்ப்யூட்டர்களில் "விஸ்டா கேப்பபிள்" என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். 800 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 512 எம்பி ரேம் இருந்தால் போதுமாம். நம்பி வாங்கினவர்கள் 2007 ஜனவரியில் விஸ்டா வந்ததும் முழித்தார்கள். விளம்பரத்தில் மினுமினுத்த கண்ணாடி ஜன்னல் பல மெஷின்களில் வரவே இல்லை. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள், மைக்ரோசாஃப்டின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. இன்டெல் தன் 915 சிப்செட்டைத் தொடர்ந்து விற்கட்டும் என்றுதான் தகுதியைக் குறைத்தோம் என்று ஒரு அதிகாரி எழுதியிருந்தார். துணைத் தலைவர் மைக் நாஷே 2,100 டாலர் கொடுத்து வாங்கியது கடைசியில் மெயில் பார்க்க மட்டும் ஆயிற்று என்று புலம்பியிருந்தார். 2009இல் அது குழு வழக்கு என்ற தகுதியை இழந்தது, அது வேறு கதை. மின்னஞ்சல்கள் நிஜம்.

அன்றைக்குப் பட்டியலைத் தளர்த்தினார்கள். 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது இறுக்கினார்கள். டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை வேண்டும். 2017இல் புதிதாக வந்த ஐ5-7400 வெளியே நில்! அந்தத் தலைமுறை போர்டுகள் பலவற்றில் பயாஸில் போய் ஆன் செய்தால் டி.பி.எம். 2.0 கிடைக்கும், ஆனாலும் வெளியேதான். பாதுகாப்புக்காக என்றார்கள். சரி, ஆனால் அதே ஏழாம் தலைமுறையில் ஐ7-7820ஹெச்.க்யூ. எப்படி உள்ளே வந்தது? அது மைக்ரோசாஃப்டின் சொந்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2வில் இருக்கிற சிப் :-)

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் மூடுவிழா. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னொரு வருஷம் தவணை. நம்மாழ்வார் 16 வருஷம் இருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி இன்னும் நிற்கிற ஊரில், 8 வருஷ கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டதாம்.

"வாங்குறதுதான் வாங்குறோம், அஞ்சாறு வருஷம் தாங்குற மாதிரி வாங்கலாமே" என்பார்கள். 2017இல் வாங்கினவரும் அப்படித்தான் வாங்கினார். அவர் மெஷினுக்கு வேகம் போதாமல் போகவில்லை, பட்டியலில் பெயர் இல்லாமல் போயிற்று. அடுத்த பட்டியலில் என்ன இருக்கும் என்று கடைக்காரருக்கு ஜோசியம் தெரியுமா என்ன? 2024இல் கோபைலட் ப்ளஸ் என்று 40 டாப்ஸ் என்.பி.யு. கேட்டார்கள். டேலியில் வவுச்சர் போட அது எதற்கு? ரேமோ, 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போனதில் விலை எகிறியது. சில்லறையில் க்ரூஷியல் ரேம் விற்பதையே நிறுத்தப் போவதாக அந்த டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

பழைய மெஷின் இருக்கிறவர் லினக்ஸ் மின்ட் போட்டால் லிப்ரே ஆபீஸ் ஓடும், ஜி.எஸ்.டி. தளம் பிரவுசரில் திறக்கும். டேலிதான் முட்டுக்கட்டை, அதற்கு விண்டோஸ் வேண்டும். அது கட்டாயம் என்றால் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிற சாதாரண ப்ராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி., நல்ல எஸ்.எம்.பி.எஸ். போதும். போர்டில் ஒரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கட்டும். மிச்சக் காசில் ஒரு யு.பி.எஸ். வாங்கலாம், கரண்ட் போகும்போது என்.பி.யு. வந்து காப்பாற்றாது.

அடுத்த விண்டோஸ் வந்து சேரட்டும். அன்றைக்கு அந்தக் காலி ஸ்லாட்டில் இன்னொரு ரேம் செருகினால் ஏன் போதாது என்று உபதேசிகள் சொல்லட்டும்.