பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

ஆண்டு மலர் வெளிவரும்போதெல்லாம் பள்ளியின் வளர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெறுவது வழக்கம். புதிதாகக் கட்டிய அறைகள், பொதுத்தேர்வில் பெற்ற விழுக்காடு, விளையாட்டில் வாங்கி வந்த கேடயங்கள் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, இறையருளுக்கு நன்றி கூறி முடிப்போம். அதில் குற்றமில்லை. எனினும் நடந்து முடிந்ததை இம்முறை சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இனி நடக்க வேண்டியதைப் பற்றி எழுத விரும்புகிறோம்.

நாம் கேட்கும் கேள்வி சிறியது. 2026ஆம் ஆண்டில் நம் பங்குப் பள்ளியின் முதல் வகுப்பில் சேரும் ஒரு சிறுமி, இடையில் நில்லாமல் படித்தால், 2038இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியேறுவாள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் அவளுக்காக நாம் என்ன எண்ணி வைத்திருக்கிறோம்? எண்ணியதை எங்கேனும் எழுதி வைத்திருக்கிறோமா?

பன்னிரண்டு ஆண்டு என்றதும் மலைப்பாகத் தோன்றலாம். மலைமேல் நீலக்குறிஞ்சி பூப்பதற்கும் அவ்வளவு காலம்தான் ஆகிறது. நம்மில் பலர் ஒரு சீட்டுக் கட்டும்போதும், மகளுக்கு நகை சேர்க்கும்போதும் அதைவிட நீண்ட கணக்குப் போடுகிறோம். பள்ளி என்று வரும்போதுதான் அடுத்த ஆண்டு விழாவுக்கு அப்பால் நம் கண் போவதில்லை.

முன்யோசனை இல்லாத வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிள்ளைச்சாவடிப் பிள்ளைகளுக்கு எவரும் பாடம் நடத்தித் தெரிவிக்க வேண்டியதில்லை. மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையை மறைக்கல்வி வகுப்பில் படிக்கும் முன்பே அதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில், 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பினார்கள். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே நகர்த்திக்கொண்டு போகும். சுவர் குறுக்கே நின்றதும் மணல் தென்புறத்தில் தங்கிவிட்டது. வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கரை அரிக்கத் தொடங்கியது. நகரைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பியது. அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. அங்கேயும் கல் கொட்ட, இன்னும் வடக்கே நகர்ந்தது. இப்படியே கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக ஏறிக் கடைசியில் பிள்ளைச்சாவடி வாசலுக்கும் வந்து சேர்ந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது இக்கரையில் வீடுகள் இடிந்து கடலோடு போனதை நாம் பார்த்தோம்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தென்புறத்தில் சேரும் மணலை அள்ளி வடபுறத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு அந்தத் துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. திட்டம் போட்டவர்கள் அறியாமல் போட்டுவிடவில்லை. ஆனால் அந்த வேலை ஆண்டுதோறும் விடாமல் நடக்கவில்லை. சுவர் கட்டுவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை. திறப்பு விழாவும் உண்டு. மணல் அள்ளுவதோ ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டியது. அதற்கு மாலையும் மேடையும் கிடையாது. ஆகவே அது நின்றுபோயிற்று.

பள்ளிகளிலும் இதுவே நடக்கிறது. நாம் அறிந்த ஒரு பங்குப் பள்ளியில், பெற்றோர் தந்த நன்கொடையில் ஒரு கணினி அறை அமைத்தார்கள். ஆயர் வந்து மந்திரித்துத் திறந்து வைத்தார். ஈராண்டு நன்றாக நடந்தது. பிறகு அதற்குப் பொறுப்பாயிருந்த சகோதரிக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவருக்கு இசையில் ஆர்வம். பாடகர் குழு ஓங்கியது. கணினிகளின் மேல் துணி போர்த்தப்பட்டது. உப்புக் காற்று துணிக்குள்ளும் புகுந்தது. யாரையும் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. இருவருமே நல்லவர்கள், உழைப்பாளிகள். அந்த அறையை ஐந்தாம் ஆண்டில் யார் பார்த்துக்கொள்வது என்று முதலாம் ஆண்டில் எவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

துறவியருக்கு மாற்றல் என்பது அவர்கள் வாழ்வின் ஒழுங்கு. கீழ்ப்படிதல் வாக்கு கொடுத்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாக வேண்டும். பங்குத்தந்தையருக்கும் அப்படியே. முதல் வகுப்பில் சேரும் நம் சிறுமி பள்ளியை விட்டுப் போவதற்குள் மூன்று அல்லது நான்கு தலைமைச் சகோதரிகளைப் பார்த்துவிடுவாள். ஒவ்வொருவரும் நல்ல எண்ணத்தோடு புதிதாக ஒன்றைத் தொடங்குவார்கள். ‘புது சிஸ்டர் வந்துவிட்டார்கள், இனி எல்லாம் மாறும்’ என்று நாமும் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்வோம். எல்லாம் மாறத்தான் மாறுகிறது! மாறாமல் நிற்க வேண்டியது எது என்பதை முடிவு செய்ய மட்டும் நாம் உட்கார்வதில்லை.

இது கைகூடாத காரியமன்று. கைகூடிய ஒரு முன்மாதிரி நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் இங்கே வந்து பெண்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார்கள். ஆனால் தமிழ்க் குடும்பங்களின் பெண்களுக்குத் தமிழில் கற்பிக்க முறையான ஏற்பாடு அப்போது இல்லை. 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் பொன்னான் ஆண்டகை தம் குருக்களைப் புதுச்சேரியில் கூட்டி ஒரு மாமன்றம் நடத்தினார். அடுத்த தலைமுறைக்கு இந்த மறைப்பணியில் என்ன வேண்டும் என்பதே அங்கு பேசப்பட்ட பொருள். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதும் பள்ளிகளைப் பெருக்குவதும் அதில் முதன்மை பெற்றன. மறைப்பணி அச்சகத்தைக் கவனித்துவந்த துப்புய் அடிகளார் பெண் கல்வியைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

அவர் செய்ததை நம் பள்ளி நிருவாகத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவர் கட்டிடத்திலிருந்து தொடங்கவில்லை. பெண்களுக்குக் கற்பிக்கப் பெண்கள் வேண்டும், அவர்கள் இம்மண்ணின் மொழி பேசுபவர்களாக இருக்க வேண்டும், ஒருவர் போனால் அடுத்தவர் வரும்படி ஓர் ஒழுங்கும் வேண்டும் என்று எண்ணி, 1844 அக்டோபர் 16ஆம் நாள் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு துறவற சபையை நிறுவினார். மரியாயின் மாசற்ற இருதய சபை அப்படிப் பிறந்ததுதான். எழுத்தறிந்த பெண் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தது. ஆசிரியைகளை முதலில் ஆசிரியைகளாக்க வேண்டியிருந்தது. 1874இல் துப்புய் அடிகளார் மறைந்தார். பள்ளிகள் மறையவில்லை. அவர் முகத்தைப் பார்த்திராத சகோதரிகள் இன்றும் அந்த வேலையைச் செய்துவருகிறார்கள். திட்டம் போட்டவர் போன பின்பும் நடப்பதற்கே திட்டம் என்று பெயர்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழு ஒரு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று உட்பிரிவுகள். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாதென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்குரிய உரிமை காக்கப்பட்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் ‘திட்டம் போட வேண்டாம் என்று தீர்ப்பு வந்துவிட்டது’ என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். பிறர் சட்டத்துக்காகச் செய்வதை நாம் பிள்ளைகளுக்காகச் செய்யலாமே.

சரி, அந்தத் திட்டத்தில் என்ன எழுதுவது? வளைவு, மேடை, கெபி என்று உடனே நன்கொடைச் சீட்டை எடுத்துவிடுவோர் நம்மிடையே உண்டு. கெபி நமக்கும் வேண்டியதுதான். மாதாவின் முன் முழந்தாளிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது ஒரு பெயர்ப் பட்டியல் என்று நமக்குத் தோன்றுகிறது. இவ்வாண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பெண் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயர்களையும் ஒரு தடித்த பதிவேட்டில் எழுதுவது. ஆண்டுதோறும் அதே பக்கத்தைத் திறந்து, யார் இருக்கிறாள், யார் நின்றாள், ஏன் நின்றாள் என்று குறிப்பது. பொதுத்தேர்வு விழுக்காடு தேர்வு எழுதியவர்களை மட்டுமே கணக்கில் கொள்ளும். எட்டாம் வகுப்போடு தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டவள் எந்த விழுக்காட்டிலும் வருவதில்லை. நூற்றுக்கு நூறு என்று நாம் கைதட்டும்போது அவள் அலைக்கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கென்று ஒரு பக்கம் எங்கேனும் இருக்க வேண்டும்.

அடுத்தது வாசிப்பு. ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் முன்பின் பார்த்திராத ஒரு தமிழ்ப் பக்கத்தைத் தடுமாறாமல் படித்துப் பொருள் சொல்ல வேண்டும். இதைச் சோதிக்க ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். புதுச்சேரியின் அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிய பின், ‘நம் பள்ளியும் மாறுமா?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எந்தப் பாடத்திட்டமானாலும், படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது அட்டை மாறிய புத்தகமே.

ஆசிரியர்கள் ஓய்வு பெறும் தேதிகளையும் எழுதி வைக்க வேண்டும். அவை திடீரென்று வருபவையல்ல. பணியில் சேரும் அன்றே தெரிந்தவை. அரசு உதவி பெறும் பள்ளியில் ஓரிடம் காலியானால் அதை நிரப்ப ஒப்புதல் கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கணக்கு டீச்சருக்குப் பிரிவுபசார விழா நடத்தி முடித்த மறுநாள்தான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆளில்லை என்று நாம் விழித்துக்கொள்வது நியாயமா?

கட்டிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையில் கான்கிரீட் வெளியிலிருந்து கெடுவதைவிட உள்ளிருந்து கெடுவது அதிகம். காற்றிலுள்ள உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்துச் சிமெண்டை வெளியே தள்ளும். கூரையிலிருந்து ஒரு துண்டு விழுந்த பின்பே நாம் அண்ணாந்து பார்க்கிறோம். விரிசலைக் கண்ட ஆண்டிலேயே அடைத்தால் சிறு செலவு. பத்து ஆண்டு விட்டால் புதுக் கூரை. அரசு உதவி பெரும்பாலும் ஆசிரியர் ஊதியத்தோடு நின்றுவிடுகிறது. பழுதுபார்ப்பு நம் தலையில்தான். ஆகவே ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கைப் பழுதுபார்ப்புக்கென்று தனியே போட்டு, அதை எந்த விழாவுக்கும் எடுப்பதில்லை என்று தீர்மானம் எழுத வேண்டும். கழிப்பறையும் தண்ணீரும் இந்தக் கணக்கில் முதலில் வரட்டும். வளர்ந்த பெண்கள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் இருப்பதன் காரணம் அவர்களுடைய அன்னையருக்குத் தெரியும்.

‘நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்க, இவ்வளவு கணக்கு எதற்கு?’ என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க முடியாமல் நகைப்புக்கு இடமானவனின் உவமையைச் சொன்னவரும் அதே ஆண்டவர்தான் என்று பணிவோடு நினைவூட்டினோம். கவலை வேறு, கணக்கு வேறு.

இவற்றிற்கெல்லாம் பணம் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். சிலவற்றிற்குப் பணமே வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் தொழிலுக்குப் போகும் வீடுகளில் அப்போது கையில் காசு இராது. கல்வியாண்டுக்குரிய கட்டணமும் நோட்டுப் புத்தகச் செலவும் சீருடைச் செலவும் ஏறத்தாழ அதே வேளையில்தான் வந்து நிற்கின்றன. பிள்ளையை நிறுத்திவிடலாமா என்ற எண்ணம் சில வீடுகளில் தலைகாட்டுவதும் அப்போதுதான். கட்டணத்தின் முதல் தவணையை ஜூலை மாதக் கடைசிக்குத் தள்ளி வைத்தால், பள்ளிக்கு நட்டமில்லை. வட்டிக்குக் கடன் வாங்காமல் ஒரு தகப்பனார் தலைநிமிர்ந்து வந்து கட்டிவிட்டுப் போவார்.

அதுபோலவே பெற்றோர் கூட்டமும். வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, ‘இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று சலித்துக்கொள்கிறோம். அந்நேரத்தில் தகப்பனார் கடலிலிருந்து வந்து வலையை உதறிக்கொண்டிருப்பார். தாயார் மீன்கூடையோடு பட்டணத்துச் சந்தையில் இருப்பார். பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து மறுபடி புதுச்சேரிக்குள் நுழைந்து, இரண்டு பேருந்து மாறிப் போன அந்த அம்மாவைப் பத்து மணிக்குப் பள்ளியில் எதிர்பார்ப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி என்று வையுங்கள். அந்தத் தடித்த பதிவேட்டை மேசைமேல் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். சகோதரிகள் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும், பங்குத்தந்தை ஒரு பிரதி, பெற்றோர் சங்கத்தார் ஒரு பிரதி. சகோதரிகளுக்கும் சுவாமியாருக்கும் மாற்றல் வரும். பெற்றோர் இதே தெருவில்தான் இருக்கப்போகிறோம். முதல் கூட்டத்துக்கு நாற்காலி போடவும் தேநீர் கொண்டுவரவும் நம்மில் சிலர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறோம்.