எல்லை கடக்கும் கல்லும் கழிவும்: விலை கொடுப்பது யார்?

புதுதில்லி: திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள பாலராமபுரத்தில் ஒரு சாலை விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பிரிகிறது. நெடுஞ்சாலையிலேயே நெய்யாற்றின்கரை, பாறசாலையைக் கடந்தால் 20 கி.மீ.க்குள் களியக்காவிளை, தமிழக எல்லை.

பல ஆண்டுகளாக இச்சாலையில் இரு சரக்குகள் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. குமரி மாவட்ட மலைகளை உடைத்த கல் கேரளத்துக்குப் போகிறது. கேரளத்தின் கழிவு தமிழகத்துக்கு வருகிறது. இது இரு மாநிலங்களின் பிணக்காகவே பேசப்படுகிறது. ஆனால் லாரிகளை ஓட்டுவது பகைமை அல்ல, விலை வேறுபாடு.

கல்லின் கணக்கு: விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானம் 2015 டிசம்பரில் தொடங்கியது. சுமார் 3 கி.மீ. நீள அலைதடுப்புச் சுவருக்குக் கல் கிடைக்காததும் பணி தாமதமானதற்கு ஒரு காரணம். 2025 மே 2-ல்தான் பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த காட்கில் குழுவின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை, 2018 பெருவெள்ளம் ஆகியவற்றுக்குப் பிறகு கேரளத்தில் கல்குவாரிகளுக்கு எதிர்ப்பு வலுத்தது. குவாரிகள் குறையலாம், கல்லின் தேவை குறையவில்லை. அத்தேவை, அதே மலைத்தொடரின் தமிழகப் பகுதிக்கு நகர்ந்தது.

கழிவின் கணக்கு: திருவனந்தபுரம் மாநகராட்சியின் விளப்பில்சாலை கழிவு ஆலை மக்கள் போராட்டத்தால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் திட்டம் பாராட்டைப் பெற்றது. எனினும் மக்காத குப்பையும் இறைச்சிக் கழிவும் எஞ்சின. மருத்துவக் கழிவுக்கோ, நீண்ட காலம் சுமார் 300 கி.மீ. தொலைவிலுள்ள பாலக்காடு ஆலையே கதி. முறைப்படி அழிக்கப் பணம் வேண்டும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் கொட்டுவதற்குச் சொற்ப வாடகை போதும்.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் கழிவு கண்டெடுக்கப்பட்டது. அதைக் கேரளமே அகற்ற வேண்டும் எனத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட, அதே மாதம் அது திரும்ப எடுத்துச் செல்லப்பட்டது. இது விதிவிலக்கான வெற்றி. கொட்டியவர் யார் எனத் தெரியாத குப்பை எங்கும் திரும்பிச் செல்வதில்லை.

வளர்ச்சியின் மறுபக்கம்: வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தானே மேம்படும் என்ற கருத்துக்கு, அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் கிராஸ்மனும் குரூகரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு வலுச் சேர்த்தது. ஆனால் மாசு குறைவதும், மாசு இடம் மாறுவதும் ஒன்றல்ல. பணக்கார நாடுகளின் நச்சுக் கழிவு ஏழை நாடுகளில் கொட்டப்பட்டதால்தான் 1989-ல் பாசல் உடன்படிக்கை உருவானது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் நடப்பது அதன் உள்நாட்டு வடிவம்.

சட்டத்தின் எல்லை: கல் வெளிமாநிலம் செல்வதைத் தமிழகம் தடுத்துவிடலாம் என்பது எளிதல்ல. அரசியல் சட்டத்தின் 301-வது பிரிவு நாடெங்கும் தடையற்ற வணிகத்துக்கு வகை செய்கிறது. ஆற்றுமணல் மாநிலத்தை விட்டு வெளியேறத் தடை விதித்த குஜராத்தின் விதி செல்லாது என 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது குறிப்பிடத்தக்கது. அதே நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, கனிமவள நிலத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என 2024 ஜூலையில் தெளிவுபடுத்தியது. தமிழகத்தின் கனிமவள நில வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவ்வரி கல்லின் எடையைத்தான் கணக்கிடுகிறது. மறைந்த மலையையும் வற்றும் கிணற்றையும் அல்ல.

எனவே தீர்வு சோதனைச் சாவடியில் மட்டும் இல்லை. கழிவை உண்டாக்குபவர் அது அழியும் வரை பொறுப்பாளி என்பது ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது. கேரளம் தன் கழிவுக்குத் தன் மண்ணில் இடம் காண வேண்டும். தமிழகம், மலையைச் சல்லி விலைக்கு விற்பதை வருவாய் என்று எண்ணுவதைக் கைவிட வேண்டும். இரு மாநிலங்களுக்கும் பொதுவான விதி வகுக்கும் கடமை மத்திய அரசுக்கு உண்டு. சேதத்தின் செலவு விலையில் சேராத வரை, களியக்காவிளையில் ஒரு லாரியைப் பிடித்தால் வேறு பாதையில் மற்றொன்று வரவே செய்யும்.