ஊர் மின்சாரத்துக்கு ஊரில் யார் பொறுப்பு?

தேய்பிறை அஷ்டமி அன்று தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்கு வெளியூர்க் கூட்டம் திரளும். வந்தவர்களுக்குக் குடிதண்ணீர் வேண்டும், இருட்டிய பிறகு தெருவில் வெளிச்சம் வேண்டும். அஷ்டமி இல்லாத நாளிலும் ஓர் ஊராட்சிக்கு மின்சாரம் என்றால் முதலில் இந்த இரண்டும்தான்: தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார், தெருவிளக்கு. தமிழ்நாட்டில் வீட்டுக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். வயல் பம்ப்செட்டுக்கும் கட்டணம் கிடையாது. ஊராட்சிக்கு அப்படியில்லை, பில் வந்தால் கட்டியாக வேண்டும். ஊருக்குச் சொந்தமான மின்சாரம் பற்றி நம்மிடம் பேச வரும் நண்பர்களில் பலர் வீட்டுக் கூரையிலிருந்து தொடங்குகிறார்கள். ஊராட்சியின் மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் முடிவு.

ஓடந்துறை அப்படித்தான் தொடங்கியது. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய அந்த ஊராட்சி, 2003இல் 9 கிலோவாட் எரிவாயு உற்பத்திக் கலன் ஒன்றை வைத்து, மரக்கழிவை எரிபொருளாக்கி, குடிநீர் மோட்டாரை ஓட்டிப் பார்த்தது. 2006இல் 350 கிலோவாட் காற்றாலையையே வாங்கிவிட்டது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் இல்லை, உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்று நன்றாக வீசும் மைவாடியில். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட். ஊராட்சியின் தேவை போக மிச்சம் வாரியத்துக்கு விற்பனை. பத்தாண்டு தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் பெயர் நம் துறையில் எல்லாருக்கும் தெரியும். காற்றாலையைப் பார்க்க ஊர் ஊராக வந்தார்கள். அந்த 40 லட்சம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டவர்கள் குறைவு. காசு சேர்த்துவைக்கும் பழக்கம் காற்றாலைக்கு முன்பே அந்த ஊராட்சிக்கு இருந்தது. அதனால்தான் கடன் கிடைத்தது, கடனும் அடைந்தது.

பீகாரின் தர்னை கிராமத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேல் மின்சாரமே இல்லாத ஊர் அது. 2014இல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சூரிய மின்கட்டமைப்பை அமைத்தது. 450 வீடுகளுக்கு விளக்கு எரிந்தது. பிறகு அரசு மின்சாரம் குறைந்த விலையில் வந்தது. சூரிய மின்கட்டமைப்பின் பேட்டரிகள் தளர்ந்தன, புதிது வாங்கப் பணம் இல்லை. சில ஆண்டுகளில் அந்த வளாகத்தில் மாடு கட்டினார்கள். பேனலின் மீது குறை சொல்ல முடியாது. வாரியக் கம்பியோடு சேராமல் தனித்து நின்றதும், பேட்டரிக்கென்று மாதாமாதம் ஒதுக்காததும்தான் அதை வீழ்த்தின என்று நான் நினைக்கிறேன்.

ஓடந்துறை காற்றாலை வாங்கிய அதே 2006இல், ஸ்காட்லாந்தின் ஃபிண்ட்ஹார்ன் சூழல் கிராமம் மூன்று காற்றாலைகளைப் புதிதாக நிறுவியது. 1989இல் வைத்த ஒன்றையும் சேர்த்து மொத்தம் 750 கிலோவாட். உள்ளூர்க் கம்பியும் மீட்டரும் பில்லும் கிராமத்தின் பொறுப்பு. மிஞ்சியது தேசியக் கட்டமைப்புக்குப் போனது. சூழல் கிராமம் என்றாலும் வெளிக் கம்பியோடு உறவை அறுத்துக்கொள்ளவில்லை.

நம் ஊருக்கு வருவோம். தருமபுரியில் நம்ப வேண்டியது வெயிலைத்தான். 10 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் சுமார் 45 யூனிட். 20 வாட் எல்இடி தெருவிளக்கு நூறு, இரவு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 24 யூனிட். ஆக 69. இங்கே ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சராசரி 4 யூனிட் தரும் என்று வைத்தால் 17, 18 கிலோவாட் போதும். ஊராட்சிக் கட்டடங்களின் மாடியில் ஏறத்தாழ 1,800 சதுர அடி வேண்டும். மோட்டாரைக் காலை பத்திலிருந்து நாலு மணிக்குள் ஓட்டினால் வெயிலோடு கணக்கு ஒத்துவரும். பகலில் மிஞ்சுவது வாரியக் கம்பிக்குப் போகட்டும், அதற்கு ஈடாகத் தெருவிளக்கு இரவில் வாரிய மின்சாரத்தில் எரியட்டும். தெருவிளக்குக்காகப் பேட்டரி வாங்க வேண்டாம்.

சென்ற மாதம் இந்த மாவட்டத்தில் ஓர் ஊரில் சோலார் தெருவிளக்குக் கம்பம் ஒன்றைப் பார்த்தேன். பேட்டரிப் பெட்டியின் கதவு தொங்கியது, உள்ளே குருவிக்கூடு. பேனலில் விரலால் கோடு இழுத்தால் அடியில் கண்ணாடி பளபளத்தது, அவ்வளவு புழுதி. ஒரு குடம் தண்ணீரும் ஒரு பழந்துணியும் போதும் அதைத் துடைக்க. துடைப்பது யார் வேலை என்று ஒருவரிடமும் சொல்லப்படவில்லை. மோட்டார் போடும் டேங்க் ஆபரேட்டரிடமே இதையும் ஒப்படைத்து, அதற்கென்று தனிச் சம்பளம் தர வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் இன்வெர்ட்டர் மாற்ற வேண்டிவரும், அதற்கான பணம் முதல் மாதத்திலிருந்தே தனி வங்கிக் கணக்கில் ஏற வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் ஊராட்சியின் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். மோட்டாருக்கு எத்தனை யூனிட், தெருவிளக்குக்கு எத்தனை யூனிட் என்று பிரித்து எழுதி, சபையில் வாசியுங்கள். அந்தத் தாளின் நகலை எங்களுக்கும் அனுப்புங்கள்.