சமவெளி மாட்டுக்குச் சீமை ரத்தம் எவ்வளவு?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் பால் சொசைட்டிகளில் ஒரே பேச்சுதான்: கறவை இறங்கிவிட்டது. கொழுப்பும் மற்ற சத்துகளும் சேர்ந்தே குறைவதால், ஊற்றிய பாலுக்கும் விலை கிடைப்பதில்லை. ஊசி போட்டாலும் சினை நிற்பதில்லை. இதைக் கோடையின் மேல் பழிபோட்டுக் கடந்துபோவதை ஏற்க முடியாது. எந்த மண்ணில் எந்த மாட்டை வளர்க்கச் சொன்னோம் என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும்.

ஹோல்ஸ்டீன் பிரீசியன் வட ஐரோப்பாவின் குளிரில் உருவான இனம். ஏறத்தாழ 5 முதல் 25 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு 72-ஐத் தாண்டினாலே கறவை மாடு தவிக்கத் தொடங்கும் என்பது நெடுநாள் வழக்கிலுள்ள அளவுகோல். 35 டிகிரி வெயிலும் 60 சதவீத ஈரப்பதமும் கூடிய கடலோர நண்பகலில் அது 86-ஐத் தாண்டிவிடும். நிறையக் கறக்கும் மாடு நிறையத் தின்ன வேண்டும்; தின்றது செரிக்கும்போதே வயிற்றில் சூடு பிறக்கிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் மாடு தீனியைக் குறைக்கிறது; வாய் திறந்து இரைக்கிறது; எச்சில் ஒழுகுகிறது. வயிற்றின் புளிப்பைத் தணிக்க வேண்டிய எச்சில் தரையில் வீணாவதால் செரிமானமும் கெடுகிறது.

திமில் உள்ள நம் மாடுகள் வெயிலுக்கென்றே அமைந்தவை. வழவழப்பான குட்டை மயிர், அதன் அடியில் கறுத்த தோல், கூடுதல் வியர்வைச் சுரப்பிகள். உடலில் பிறக்கும் சூடும் குறைவு. காங்கேயம் மாட்டுக்குக் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலமும் கைகொடுத்தது: கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல் மர நிழல்.

அதற்காக எல்லோரும் நாட்டு மாட்டுக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. காங்கேயமும் பர்கூரும் உம்பளாச்சேரியும் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனவை, பால் குறைவு. பால் பணத்தில் கடன் கட்டும் குடும்பத்திடம் அப்படிச் சொல்வது கொடுமை. நாம் கேட்பது ஓர் உச்சவரம்பு: சமவெளிக் கலப்பின மாட்டில் சீமை ரத்தம், அதாவது வெளிநாட்டு இனத்தின் பங்கு, எட்டில் ஐந்தைத் தாண்டக் கூடாது.

இது முடியாத காரியம் அல்ல. குஜராத்தின் கிர் மாடுகளைக் கொண்டுபோன பிரேசில், அவற்றைப் பிரீசியனோடு கலந்து, இதே எட்டில் ஐந்தில் நிறுத்தி ஜிரோலாண்டோ என்ற இனத்தையே உருவாக்கியது. இங்கேயோ சமவெளிக்கு ஜெர்சி, மலைக்குப் பிரீசியன் என்று கொள்கை இருந்தும், சமவெளிக் கொட்டகைகளில் பிரீசியன் ரத்தமுள்ள கறுப்பு வெள்ளை மாடுகள் நிற்கின்றன. கலப்பினப் பசுவுக்கு மறுபடி மறுபடி சீமைக் காளையின் ஊசியையே போட்டால் கன்றில் சீமைப் பங்கு முக்காலுக்கு ஏறும், அதற்கு மேலும் போகும். முக்கால் ரத்தப் பசுவுக்குப் பாதி ரத்தக் காளையின் ஊசி போட்டால் எட்டில் ஐந்தில் நிற்கும். ஆகவே எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் கலப்பினக் காளை, சிந்தி, கிர் ஊசிகள் இருப்பில் இருக்க வேண்டும். கன்றின் ரத்தப் பங்கை விவசாயியின் அட்டையில் எழுதித் தர வேண்டும்.

இப்போது கறந்துகொண்டிருக்கும் மாடுகளையும் கைவிட முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் ஓலை வேய உதவித்தொகை வேண்டும். வெப்பம் வரம்பு தாண்டிய நாட்களுக்கு இழப்பீடு தரும் காப்பீட்டைக் கேரளத்தில் மலபார் மில்மா கொண்டுவந்தது, ஆவினும் கொண்டுவரலாம்.

இன்று போடும் ஊசியில் பிறக்கும் கன்று கறவைக்கு வர மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். அரசு இந்தக் கோடையிலேயே முடிவெடுக்க வேண்டும்.